இலங்கையில காலி (Galle) ஊர் கோட்டைக்கு தனியா போறேன், உள்ள தங்கலாமா வெளிய தங்கலாமா?

அலைநுரை
எல்லாருக்கும் வணக்கம். ஜனவரி கடைசியில ஆபீஸ் வேலையா கொழும்பு போறேன், வேலை வெள்ளிக்கிழமை மத்தியானத்தோட முடிஞ்சிடும், திங்கள் ராத்திரி தான் ஃப்ளைட். நடுவுல இருக்கிற டைம் முழுசா காலி கோட்டைக்கு குடுக்கலாம்னு இருக்கேன். தனியா தான் போறேன், பொண்ணு. கூட வர்றேன்னு சொன்ன ஃப்ரெண்டு கழட்டி விட்டுட்டா, அது வேற கதை.

என்னோட டவுட்டு எல்லாம் இது தான். கோட்டை மதிலுக்கு உள்ளயே ரூம் போடணுமா இல்ல வெளிய உனவட்டுன பக்கம் பீச் ஓரமா தங்கி வந்துட்டு போனா போதுமா, ஏன்னா உள்ள ரேட் ஜாஸ்தியா காட்டுது. சாயங்காலம் இருட்டினதுக்கு அப்புறம் தனியா நடக்கலாமா. அப்புறம் யூடியூப்ல பாத்தா கஃபே, நகைக்கடை, வெள்ளை சுவர் முன்னாடி போட்டோ இதுவே தான் வருது, எனக்கு அந்த மதில், கொத்தளம், யார் கட்டினாங்க, யார் புடுங்கினாங்க இதெல்லாம் தான் பாக்கணும், அதுக்கு அங்க நிஜமா விஷயம் இருக்கா? சைவம் வேற. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

ரயில்சிநேகிதன்
அரை நாள் போதும்ங்க. காலைல போய் மதில் மேல ஒரு ரவுண்டு, லைட்ஹவுஸ், ஒரு காபி, முடிஞ்சது. உள்ள தங்குறது காசுக்கு கேடு. உனவட்டுன அஞ்சாறு கிலோமீட்டர் தான், அங்க ரூம் போட்டீங்கன்னா கடல்லயாவது குளிக்கலாம், கோட்டைல பாறை தான் இருக்கு.

பழையசாவி
மேல சொன்னவர் கூட நான் சண்டைக்கே வருவேன் 😄 அரை நாள்ல பாக்குறவங்க பாக்குறது பத்து மணியிலேர்ந்து நாலு மணி வரைக்கும் இருக்கிற கோட்டை, அதாவது மண்டை காயிற வெயில், டூரிஸ்ட் பஸ், கூட்டம். அந்த நேரத்துல அந்த ஊரை பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொல்றது ஞாயம் இல்ல. டே ட்ரிப் கூட்டம் கிளம்பின பிறகும், காலைல அவங்க வர்றதுக்கு முன்னாடியும் தான் அது ஊரா இருக்கும், பசங்க ஸ்கூலுக்கு போவாங்க, வக்கீலுங்க கோர்ட்டுக்கு போவாங்க (ஆமா கோட்டைக்குள்ளயே கோர்ட் நடக்குது), பெரியவங்க மதில் மேல வாக்கிங் போவாங்க. அதனால உள்ள தான் தங்கணும், அதுவும் தனியா போறவங்க கண்டிப்பா, ஏன்னா ராத்திரி சாப்பிட்டு ரூமுக்கு நடந்தே போயிடலாம், ஆட்டோக்காரர் கிட்ட பேரம் பேசிட்டு நிக்க வேண்டாம். பெரிய ஹோட்டல் வேண்டாம், வீட்டுலயே ரெண்டு மூணு ரூம் விடுறவங்க நிறைய பேர் இருக்காங்க, பெட்லர் ஸ்ட்ரீட், லெயின் பான் ஸ்ட்ரீட், சர்ச் ஸ்ட்ரீட் இந்த மாதிரி தெருக்கள்ல தேடுங்க.

ஆனா ஜனவரி கடைசின்னு சொல்றீங்க, காலி இலக்கிய விழா வழக்கமா அந்த சமயத்துல தான் வரும், அந்த தேதியில மாட்டினா ரூம் கிடைக்காது, கிடைச்சாலும் ரேட் எகிறிடும். முதல்ல அதை செக் பண்ணிட்டு புக் பண்ணுங்க. கோட்டைக்கு வெளிய இருக்கிற கிரிக்கெட் மைதானத்துல டெஸ்ட் மேட்ச் இருந்தாலும் இதே கதை தான்.

இப்போ நீங்க கேட்ட மதில் விஷயம். போர்த்துகீசியர் 1505ல இலங்கைக்கு வந்தாங்க, 16ம் நூற்றாண்டு கடைசியில இங்க ஒரு கோட்டை போட்டாங்க, அது முக்கியமா நிலத்தை பாத்த பக்கம் மட்டும் தான், கடல் பக்கம் பாறை இருக்கே யார் வரப்போறான்னு விட்டுட்டாங்க. டச்சுக்காரன் 1640ல அதை புடிச்சான், அதுக்கப்புறம் சுத்தி முழுசா மதில் கட்டினது அவன் தான். 1796ல இங்கிலீஷ்காரன் கைக்கு வந்துச்சு. இதை தெரிஞ்சிட்டு மேல ஏறினீங்கன்னா மதிலே உங்களுக்கு கதை சொல்லும். வடக்கு பக்கம் ஊரை பாத்த மாதிரி சூரியன், சந்திரன், நட்சத்திரம்னு மூணு கொத்தளம் (மதில்ல இருந்து வெளிய நீட்டிக்கிட்டு நிக்கிற காவல் மேடை), அது தான் செம தடிமன், ஏன்னா எதிரி நடந்து வரக்கூடிய ஒரே வழி அது. கடல் பக்கம் போகப் போக மதில் தாழ்ந்துடும், அங்க வேலையை பாறையும் அலையும் பாத்துக்கும்.

சந்திரன் கொத்தளத்துல ஒரு மணிக்கூண்டு இருக்கும், 1883ல அந்தோனிஸ்னு ஒரு டாக்டரை கௌரவிச்சு வெச்சது. அங்க ஆரம்பிச்சு கடலை வலது கை பக்கம் வெச்சுக்கிட்டு மேற்கால நடங்க, சாயங்காலம் நாலரைக்கு கிளம்பினா க்ளிப்பன்பர்க், நெப்டியூன், ட்ரைட்டன்னு ஒவ்வொரு கொத்தளமா உக்காந்து பாத்துட்டு போனா தெற்கு மூலையில ஃப்ளாக் ராக் வர்றப்போ சூரியன் கடல்ல இறங்குற நேரம் கரெக்டா இருக்கும். ட்ரைட்டன்ல டச்சுக்காரன் காத்தாலை வெச்சு கடல் தண்ணியை இழுத்து தெருவுல புழுதி அடங்க தெளிச்சான்னு சொல்றாங்க. ஃப்ளாக் ராக்ல இருந்து கொஞ்சம் கிழக்கால நடந்தா லைட்ஹவுஸ், இப்போ இருக்கிறது 1939ல கட்டினது, 1848ல கட்டின பழசு தீ விபத்துல போயிடுச்சு.

லைட்ஹவுஸ் தாண்டி கிழக்கு பக்கம் மதில் மேலயே முழுசா போக முடியாது, கீழ ஹாஸ்பிட்டல் ஸ்ட்ரீட்ல இறங்கி நடக்கணும், அதை மறுநாள் காலைல வெச்சுக்கோங்க, வெயில் அந்த பக்கத்துல இருந்து வரும், கட்டடமெல்லாம் நல்லா தெரியும். அங்க ஆக்கர்ஸ்லூட்னு ஒரு கொத்தளம், காலியை புடிச்ச டச்சு தளபதி கோஸ்டர் பொறந்த ஊர் பேரை வெச்சிருக்காங்க.

எல்லாரும் மிஸ் பண்றது பழைய வாசல். நீங்க உள்ள வர்றது 1873ல இங்கிலீஷ்காரன் மதிலை உடைச்சு போட்ட புது வாசல். துறைமுகம் பக்கம் இருக்கிறது தான் ஒரிஜினல், வெளிப்பக்கம் பிரிட்டிஷ் சின்னம் இருக்கும், அதோட திரும்பிடாதீங்க, உள்ள வந்து அண்ணாந்து பாருங்க, டச்சு கம்பெனி முத்திரை, ரெண்டு சிங்கம், உச்சியில ஒரு சேவல், 1669ன்னு ரோமன் எழுத்துல வருஷம். ஆட்சி மாறினவன் வெளிய போர்டை மட்டும் மாத்திட்டு உள்ள இருந்ததை அப்படியே விட்டிருக்கான். என்னை கேட்டா அந்த ஊர்லயே பெஸ்ட் இடம் அது தான்.

மஞ்சள்குடை
தனியா போன பொண்ணுங்கிற முறையில நான் சொல்றேன். கோட்டைக்குள்ள ராத்திரி எட்டு ஒன்பது மணி வரைக்கும் நடந்திருக்கேன், பயம்னு ஒண்ணும் வரல, தெருவுல ஆள் இருப்பாங்க, டச்சு ஹாஸ்பிட்டல் கட்டடம் இப்போ முழுக்க ரெஸ்டாரண்ட் கடை தான், அந்த பக்கம் வெளிச்சமா இருக்கும். ஆனா இருட்டினப்புறம் மதில் மேல தனியா வேண்டாம், யாராவது ஏதாவது பண்ணிடுவாங்கன்னு இல்ல, நிறைய இடத்துல கைப்பிடி சுவரே கிடையாது, புல்லு அப்படியே விளிம்பு வரைக்கும் போகும், கீழ பாறை. போனை பாத்துட்டே நடக்குற ஆளா இருந்தா பகல்லயும் கவனம்.

தொல்லைன்னு பாத்தா ரெண்டு டைப் தான். ஒண்ணு, சிரிச்சு பேசி எந்த ஊருன்னு கேட்டு கூடவே நடந்து வந்து கடைசியில தெரிஞ்சவர் ரத்தினக்கல் கடையில கொண்டு போய் நிறுத்துறது. எனக்கும் நடந்துச்சு, நான் வாங்கலன்னதும் மூஞ்சி மாறிடுச்சு, அவ்ளோ தான், வேற ஒண்ணும் இல்ல. நீலக்கல் ஆசை இருந்தா தெருவுல கூட்டிட்டு போறவங்க பின்னாடி போகாதீங்க. இன்னொண்ணு ஃப்ளாக் ராக்ல பசங்க மதில்ல இருந்து கடல்ல குதிச்சு காட்டுவாங்க, வீடியோ எடுத்தா காசு கேப்பாங்க. எடுத்தா குடுத்துடுங்க, இல்லன்னா எடுக்காதீங்க, என்னால அதை பாக்கவே முடியல, கீழ இருக்கிற பாறையை பாத்தா வயிறு கலக்குது.

மத்தியானம் பன்னெண்டுல இருந்து மூணு வரைக்கும் வெளிய சுத்தாதீங்க. அந்த நேரத்துக்கு க்ரூட் கெர்க் போங்க, 1755ல முடிச்ச டச்சு சர்ச், தரை முழுக்க கல்லறைக் கல்லு பதிச்சிருக்கும், மண்டை ஓடு எல்லாம் செதுக்கி. ஒரு ஆள் தன் பாட்டுக்கு உக்காந்திருக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க. தனியா போறதுல இருக்கிற ஒரே லாபம் இது தானே, கூட வந்தவங்களுக்காக கிளம்ப வேண்டியதில்ல.

பனங்கொட்டை
நான் யாழ்ப்பாணம், வேலை கொழும்பில. தங்கச்சி, ஒருத்தரும் சொல்லாத ஒண்டை சொல்லுறன், கோட்டைக்குள்ள தலைமுறை தலைமுறையா இருக்கிற முஸ்லிம் ஆக்கள் நிறைய, அவை வீட்டில கதைக்கிறது தமிழ் தான். சிங்களமும் நல்லா தெரியும், வெளிநாட்டுக்காரரோட இங்கிலீஷ். நீங்கள் இங்கிலீஷில தொடங்கினா நீங்களும் இன்னொரு டூரிஸ்ட், தமிழில "வணக்கம், இந்த வீடு எந்தக் காலத்து வீடு" எண்டு கேட்டுப் பாருங்கோ, கதை வேற மாதிரி போகும். உங்கட தமிழ் அவைக்கு விளங்கும், அவையின்ர தமிழ் உங்களுக்கு பிடிபட கொஞ்ச நேரம் எடுக்கும். அந்த வகையில கோட்டைக்குள்ள ஒரு முஸ்லிம் குடும்பம் நடத்துற கெஸ்ட் ஹவுஸில தங்கிறது தான் உங்களுக்கு சரி.

லைட்ஹவுசுக்கு பக்கத்தில வெள்ளையா ஒரு கட்டடம் தெரியும், கன பேர் தேவாலயம் எண்டு நினைச்சு போட்டோ எடுப்பினம், அது மீரான் ஜும்மா பள்ளிவாசல், 1904இல கட்டினது. உள்ள போறதெண்டா கேட்டுட்டு போங்கோ, தலைக்கு ஒரு ஷால் வச்சிருங்கோ.

சாப்பாடு: சோறு கறி எடுத்தா பருப்பு, பலாக்காய், கத்தரிக்காய் எண்டு நாலைஞ்சு மரக்கறி வரும், பிரச்சினை இல்ல. இடியாப்பம், ஆப்பமும் இருக்கு. ஆனா சம்பலில மாசி (காய வச்ச மீன்) போடுவினம், மரக்கறிக்குள்ளயும் சில இடத்தில போடுவினம், "மாசி போடாமல்" எண்டு முதலே சொல்லிப்போடுங்கோ. "வெஜிடேரியன்" எண்டு மட்டும் சொன்னா மாசியை கணக்கிலயே எடுக்காத ஆக்கள் இருக்கினம் 😀

ரயிலில போங்கோ, கோட்டை ஸ்டேஷனில இருந்து (கொழும்பு கோட்டை, குழம்பாதைங்கோ), ரெண்டரை மூண்டு மணித்தியாலம், வலப்பக்க யன்னல் பிடிச்சா கடல் கூடவே வரும். ஹிக்கடுவைக்கு கொஞ்சம் முன்னால பெரலிய எண்ட இடம், 2004 சுனாமியில ரயிலையே அலை அடிச்சுக்கொண்டு போனது அங்க தான். அண்டைக்கு காலி டவுன், பஸ் ஸ்டாண்ட், கிரிக்கெட் மைதானம் எல்லாம் அழிஞ்சது, மதிலுக்குள்ள இருந்த ஊர் பெருமளவு தப்பினது.

ரயில்சிநேகிதன்
சரி சரி, உள்ள தங்கட்டும், நான் வாபஸ் வாங்கிக்கறேன், ஆனா கடல்ல குளிக்க உனவட்டுன தான், அதுல மாத்தம் இல்ல. அப்புறம் மைதானம் சொன்னதும் ஞாபகம் வந்துச்சு, முரளிதரன் 800வது விக்கெட் எடுத்தது அந்த கிரவுண்டு தான், 2010 ஜூலை, நம்ம ஓஜா தான் அவுட். மேட்ச் நடந்தா மதில் மேல நின்னு பாக்கலாம்.

அலைநுரை
இவ்ளோ வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் தேங்க்ஸ். உள்ளயே தங்கறதுன்னு முடிவு பண்ணிட்டேன், இலக்கிய விழா தேதி பாத்துட்டு ரூம் போடறேன். பனங்கொட்டை அண்ணா, தமிழ் விஷயம் சூப்பர், அது எனக்கு தெரியவே தெரியாது. இன்னும் ஒண்ணு, காலியில ஒரு சீனாக்காரன் வெச்ச தமிழ் கல்வெட்டு இருக்குன்னு எங்கயோ படிச்சேன், அது கோட்டைக்குள்ள எந்த இடம்?

பழையசாவி
அது கோட்டைல இல்ல! நல்ல வேளை கேட்டீங்க. செங் ஹோங்கிற சீன கடற்படை தலைவன் கொண்டு வந்து வெச்ச கல்லு, 1409ம் வருஷ தேதி போட்டது, சீனம், தமிழ், பாரசீகம்னு மூணு மொழி. சீனத்துல புத்தருக்கு, தமிழ்ல தெனாவரை நாயனாருக்கு, பாரசீகத்துல அல்லாவுக்குன்னு பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய்னு காணிக்கை லிஸ்ட். தெனாவரைன்னா காலிக்கு கிழக்க இருக்கிற தேவேந்திரமுனை, அங்க இருந்த விஷ்ணு கோயில். ஒரே கல்லுல மூணு சாமியையும் கூல் பண்ணிட்டு போயிருக்கான், வியாபாரம் தெரிஞ்ச ஆளு. 1911ல காலியில கண்டெடுத்தப்போ அது ஒரு கால்வாய்க்கு மூடியா கிடந்துச்சாம். இப்போ கொழும்பு தேசிய மியூசியத்துல இருக்கு.

பனங்கொட்டை
அப்ப பிளானை மாத்துங்கோ. வெள்ளி பின்னேரம் ரயிலில சரியான சனம், வேலை முடிஞ்சு ஊருக்கு போற ஆக்கள், நிக்கவும் இடம் கிடையாது. வெள்ளி மத்தியானம் வேலை முடிஞ்ச கையோட மியூசியத்துக்கு போய் கல்லை பாத்திட்டு, கொழும்பிலயே தங்கி, சனி விடிய ரயில் எடுங்கோ. காலி ஸ்டேஷனில இறங்கினா கோட்டை நடந்து போற தூரம் தான், ஓட்டோக்காரர் சரியான தூரம் எண்டு சொல்லுவினம், நம்பாதைங்கோ. திங்கள் திரும்பேக்க அதிவேகப் பாதையால போற பஸ் எடுங்கோ, கொழும்புக்கு வெளியில இருக்கிற மாகும்புர பஸ் நிலையத்தில இறக்கி விடும், அங்க இருந்து எயார்போர்ட்டுக்கு இன்னும் கன தூரம், ட்ராஃபிக்கும் இருக்கும், அதால மத்தியானம் சாப்பிட்ட உடன வெளிக்கிடுங்கோ.