கிறிஸ்துவின் இரண்டு இயல்புகள்: ஓரிடத்தில் நிற்கிறேன், உதவுங்கள்

கிறிஸ்து முழுக்கக் கடவுள், முழுக்க மனிதர், இரண்டு இயல்புகளும் கலக்காமல் மாறாமல், பிளவுபடாமல் பிரியாமல் ஒரே ஆளில் இருக்கின்றன என்று 451இல் கல்செதோனில் கூடிய திருச்சபை ஆயர்களின் சங்கம் சொன்னது வரைக்கும் சரி, பிடிபடுகிறது. நற்செய்தியில், புயலின் நடுவே படகின் பின்பக்கம் தலையணையில் அசந்து தூங்குகிறவர்தான் எழுந்து காற்றை அதட்டுகிறார். எந்த விளக்கத்தையும்விட அந்தக் காட்சிதான் எனக்கு நெருக்கம். ஆனால் மாற்கு நற்செய்தி 13:32? உலக முடிவின் அந்த நாளும் நேரமும் மகனுக்கே, அதாவது தமக்கே, தெரியாது என்கிறார் இயேசு. மனித இயல்பின்படி தெரியாது என்று நான்காம் நூற்றாண்டு ஆயர் அத்தனாசியார் சொன்னதைப் படித்தேன். அப்புறம் ஒரே ஆள் அறிந்தும் அறியாமலும் இருப்பது எப்படி, அவரை இரண்டு ஆளாகப் பிரித்ததாகிவிடாதா? தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்குங்கள். அடுத்த வாரம் இளைஞர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும், அரைகுறையாகச் சொல்ல மனசு வரவில்லை.