புதுப்பிப்பு: பியர்டட் டிராகன் (வீட்டில் வளர்க்கும் ஓணான் வகை) பெட்டி, மழைக்குப் பிறகு
முன்பு செய்முறை எழுதிய 4×2×2 அடி பிளைவுட் பெட்டியின் அளவு அப்படியே இருக்கட்டும். காற்றோட்டமும் பூச்சும்தான் தவறு. மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கம், செம்பனைக்கு நடுவே, மழை நாளில் காற்றின் ஈரம் 80 விழுக்காட்டைத் தாண்டும். பின்பலகையில் ஒரே உயரத்தில் போட்ட இரண்டு துளைகளில் காற்று நகரவே இல்லை. குளிர்ந்த பக்கம் தரையிலிருந்து 5 செ.மீ. மேலே ஒன்று, விளக்குப் பக்கம் கூரையை ஒட்டி ஒன்று என மாற்றுங்கள். சூடான காற்று மேலேறி வெளியேற, கீழே புதுக்காற்று இழுபடும்.

பலகை உப்பியது நடுவில் அல்ல, அறுத்த ஓரத்தில். ஓரம்தான் தண்ணீரைக் குடிக்கும். நீர் அடிப்படையிலான பாலியுரேத்தேன் (மரத்தைக் காக்கும் பூச்சு) 3 தடவை, ஓரத்துக்கு 4. வாடை முழுக்கப் போகும்வரை, குறைந்தது ஒரு வாரம், ஓணானை உள்ளே விடவேண்டாம். இடுக்குகளுக்கு மீன்தொட்டி சிலிகான்தான். பூஞ்சைத் தடுப்பு கலந்த குளியலறைச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்காதீர்கள்.

யூவிபி (புற ஊதாக் கதிர்) விளக்குக் குழாயைக் கண்ணாடிக்கு மேல் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: கூடாது. கண்ணாடி அந்தக் கதிரை ஏறக்குறைய முழுதும் தடுத்துவிடும், பெட்டிக்குள்ளேயே மாட்டுங்கள். விளக்கின் கீழே ஓணான் சூடு காயும் கல்லின் மேற்பரப்பு 40 டிகிரி செல்சியஸ் இருக்கட்டும். தெர்மோஸ்டேட்டின் (சூட்டைப் பார்த்து விளக்கை அணைத்துப் போடும் கருவி) உணரியைக் கல்லருகே கட்டுங்கள். குளிர்ந்த பக்கம் கட்டினால் விளக்கு அணையாமல் கல் கொதிக்கும்.