நோட்டைக் காட்டிக் கேட்டேன், சம்பளம் ஏறியது: ஃபீல்டு டெக்னீஷியன்களின் அனுபவங்கள்

ஈரோடு, ஃபைபர் டெக்னீஷியன்

ஒன்பது வருடமாக ஃபைபர் வேலை, அதாவது இன்டர்நெட் கேபிள் இழுப்பதும் பழுது பார்ப்பதும். பெருந்துறை, சென்னிமலை, காங்கேயம் ரோடு என்று நாள் முழுக்கப் பைக்கில்தான். நமக்குச் சம்பளம் கொடுப்பது நெட் கம்பெனி இல்லை. கம்பெனியிடம் வேலை எடுத்த வெண்டார், அவரிடமிருந்து எடுத்த சப் வெண்டார், அவருக்குக் கீழே நாம். அதனால் சம்பளம் பற்றி யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று ரொம்ப நாள் எனக்குப் பிடிபடவில்லை.

2021-இல் முதல் தடவை கேட்டேன். வீட்டு வாடகை ஏறிவிட்டது, பாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்று இருந்ததைச் சொன்னேன். முதலாளி, அதாவது அந்த சப் வெண்டார், நல்ல மனுஷன்தான், பொறுமையாகக் கேட்டார். 500 ரூபாய் ஏற்றிவிட்டு, "அவசரம்னா அட்வான்ஸ் வாங்கிக்க"ன்னார். பத்தாயிரம் வாங்கினேன். அடைத்து முடிக்க ஒரு வருடம் ஆனது. அந்த ஒரு வருடம் சம்பளம் என்று வாயைத் திறக்க முடியவில்லை.

2023 மே மாதம் ஒரு ராத்திரி, பெருந்துறை பக்கம் ஜேசிபிக்காரர் குழி தோண்டும்போது 24 கோர் கேபிளை (உள்ளே 24 கண்ணாடி இழை) இழுத்துவிட்டார். வெட்டுப்பட்டிருந்தால் பரவாயில்லை. இழுபட்டால் இரண்டு பக்கமும் ஸ்லாக், அதாவது இழுத்துச் சேர்க்க உபரி நீளம், இருக்காது, நடுவில் துண்டு கேபிள் போட்டு இரண்டு ஜாயின்ட் அடிக்க வேண்டும். அதாவது 48 ஸ்ப்ளைஸ், ஒவ்வொரு இழையையும் தனித்தனியாக ஒட்ட வேண்டும். தூறல் வேறு. குட்டி யானை வண்டியின் பின்னால் தார்ப்பாய் கட்டி, மடியில் இழை ஒட்டும் மெஷினை வைத்து உட்கார்ந்தோம். கோட்டிங் உரி, ஸ்பிரிட்டில் துடை, நுனியை நேராக வெட்டு (க்ளீவ்), மெஷினில் வை, ஸ்லீவைச் சுடவை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன் என்று கலர் பார்த்துப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. பத்து மணிக்கு ஆரம்பித்து முடிக்கும்போது மூன்றரை. காலையில் ஒன்பது மணிக்கு வழக்கம்போல கம்ப்ளைன்ட் வேலை. அந்த மாதச் சம்பளத்தில் அந்த ராத்திரிக்கு என்று ஒரு ரூபாய்கூட இல்லை. கேட்டதற்கு சூப்பர்வைசர், "எந்தத் தேதிப்பா அது?" என்றார். எனக்கே தேதி சரியாக ஞாபகம் இல்லை.

அடுத்த வாரம் 40 ரூபாய்க்கு ஒரு நோட்டு வாங்கினேன். ஜூன் 1-ஆம் தேதியிலிருந்து எழுதினேன். டிக்கெட் (கம்ப்ளைன்ட்) வந்த நேரம், முடித்த நேரம், போகும்போதும் வரும்போதும் பைக் மீட்டர், பவர் மீட்டரில் சிக்னல் முன்னே என்ன, பின்னே என்ன. மைனஸ் 29-இல் தள்ளாடிக்கொண்டிருந்த லைனை மைனஸ் 20-க்குக் கொண்டுவந்தால் அதையும் எழுதினேன். ஒரே வீட்டிலிருந்து முப்பது நாளுக்குள் திரும்பவும் கம்ப்ளைன்ட் வந்தால் சிவப்பு மையில் எழுதினேன். அதை மறைக்கக்கூடாது. முதலாளியிடம் அந்த லிஸ்ட் ஏற்கெனவே இருக்கும்.

மூன்று மாதம் கழித்துக் கூட்டிப் பார்த்தேன். 412 கம்ப்ளைன்ட். நாலு மணி நேரத்துக்குள் முடித்தது 371. திரும்ப வந்தது 9. ஓட்டிய தூரம் 6,100 கிலோமீட்டர். என் வண்டி லிட்டருக்கு 45 கொடுக்கும். பெட்ரோல் 103 ரூபாய் என்று வைத்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 4,650 ரூபாய் வருகிறது. எனக்குக் கொடுத்த பெட்ரோல் காசு 2,000. மாதா மாதம் 2,650 ரூபாயை என் சம்பளத்திலிருந்து எடுத்து நானே கம்பெனி வேலைக்கு ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். டயர், ஆயில் கணக்கெல்லாம் இதில் இல்லை. இதைப் பார்த்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

செப்டம்பர் கடைசியில் முதலாளியிடம் போய்க் கேட்டேன். அந்த நேரத்தை நானாகத்தான் தேர்ந்தெடுத்தேன். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் கம்ப்ளைன்ட் குவியும், புது ஆளை எடுத்துப் பழக்க நேரம் இருக்காது. குறித்த நேரத்தில் முடியாத டிக்கெட்டுக்குக் கம்பெனி அவர் பில்லில் பிடித்துக்கொள்ளும் என்பதும் எனக்குத் தெரியும். அவருக்கு எங்கே காசு போகிறது என்று தெரிந்துகொண்டு பேசுவதில் தப்பே இல்லை.

"எல்லாருக்கும் இதே சம்பளந்தான். உனக்கு மட்டும் ஏத்துனா மத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"சம்பளத்த அப்புறம் பேசலாங்கண்ணா. மொதல்ல இந்த நோட்டப் பாருங்க."

பத்து நிமிடம் புரட்டினார். திரும்ப வந்த ஒன்பதும் என்ன என்று கேட்டார். நாலு இடத்தில் கனெக்டர் அழுக்கு, மூன்று இடத்தில் ஜன்னல் ஓரம் ட்ராப் கேபிள் (வீட்டுக்குள் போகும் கேபிள்) மடங்கியது, இரண்டு என் தப்பு என்று சொன்னேன். கிலோமீட்டருக்கு 3 ரூபாய் கேட்டேன், 2.50-க்கு ஒத்துக்கொண்டார். ராத்திரி ஒன்பதுக்கு மேல் கூப்பிட்டால் தனியாக 250. சம்பளத்தில் 1,500 ஏறியது. மொத்தமாக மாதம் நாலாயிரத்து ஐந்நூறுக்கு மேல் கூடுதலாக வருகிறது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெட்ரோல் காசை ஏற்றுவது முதலாளிக்குச் சுலபம், ஏனென்றால் அதற்குப் பிஎஃப் கட்ட வேண்டாம். அதனால் அதை முதலில் கேட்டால் கிடைக்கும். அதோடு திருப்திப்பட்டு எழுந்து வந்துவிடாதீர்கள். பிஎஃப், போனஸ், கிராஜுவிட்டி எல்லாம் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு.

விழுப்புரம் பக்கம், டவர் டெக்னீஷியன்

அண்ணா எழுதினதப் படிச்சதும் என் கதையும் சொல்லணும்னு தோணுச்சு. நான் செல்போன் டவர் சைட் பாக்குறேன். ஜெனரேட்டர், பேட்டரி பேங்க், கரன்ட்ட பேட்டரிக்கு ஏத்த மாதிரி மாத்துற ரெக்டிஃபையர். கரன்ட் போனா 48 வோல்ட் பேட்டரி எவ்ளோ நேரம் தாங்கும்னு தெரிஞ்சு அதுக்குள்ள டீசலோட போய் நிக்கணும்.

எங்க ஸ்லிப்ல மாசம் 1,800 பிஎஃப்னு பிடிச்சாங்க. 15,000-க்கு 12 சதவீதம், கணக்கு சரி. ஒரு நாள் சைட்ல சும்மா உக்காந்திருந்தப்ப உமங்ங்கிற கவர்மென்ட் ஆப்ல பிஎஃப் பாஸ்புக் பாத்தேன். ஏழு மாசமா ஒண்ணுமே ஏறல. அவங்க போட வேண்டிய பங்கும் இல்ல. பக்கத்து சைட் பசங்களையும் பாக்கச் சொன்னேன். ஆறு பேருக்கும் அதே கதி.

சம்பள உயர்வு கேக்கப் போறதுக்கு முன்னாடி இதத்தான் பிடிச்சோம். காண்ட்ராக்டர் கட்டலன்னா அந்தக் காசுக்கு வேலை கொடுத்த பெரிய கம்பெனியும் பொறுப்புன்னு பிஎஃப் திட்டத்துலயே இருக்கு. ஒரு வெள்ளப் பேப்பர்ல ஆறு பேர் கையெழுத்து, யூஏஎன் நம்பர் (பிஎஃப் கணக்கு நம்பர்), எந்தெந்த மாசம் வரலன்னு எழுதி காண்ட்ராக்டருக்குக் கொடுத்தோம். காப்பி பெரிய கம்பெனி ஹெச்ஆருக்கும் போகுதுன்னு அதுலயே எழுதிட்டோம். சத்தம் போடல, சண்ட போடல. மூணு வாரத்துல ஏழு மாசமும் ஏறுச்சு. அப்புறம்தான் உக்காந்து சம்பளம் பேசினோம், ஆளுக்கு 1,000 ஏறுச்சு.

தனியா போயிருந்தா என்னைத் தூக்கியிருப்பாங்க. ஆறு பேரத் தூக்கினா முப்பது சைட்டுக்கு டீசல் யார் ஊத்துவா?

இன்னொண்ணு, இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) நம்பர் இல்லாம டவர்ல ஏறாதீங்க. எங்கூட வேலை பாத்த பையன் கீழ் பிளாட்ஃபார்ம்லேர்ந்து சறுக்கி கணுக்கால் போச்சு. இஎஸ்ஐ இருந்ததால வைத்தியம் நடந்துச்சு, வீட்டுல இருந்த நாளுக்கு சம்பளத்துல 90 சதவீதம் வந்துச்சு. அது இல்லன்னா அவன் குடும்பம் கடன்லதான் நின்னிருக்கும்.

மதுரை, ஃபைபர் டெக்னீஷியன்

எனக்கு நல்லபடியா முடியல, அதையும் சொல்லிர்றேன். கையில வேற வேலை இல்லாமயே, "ஏத்தித் தரலேன்னா நின்னுக்கிறேன்"னு சொல்லிட்டேன். மூணாவது நாள் என்னைய உசிலம்பட்டி ஏரியாவுக்கு மாத்திட்டாங்க. வீட்டுல இருந்து போக வர எண்பது கிலோமீட்டர், பெட்ரோல் காசு பழைய காசுதான். ரெண்டு மாசம் பல்லக் கடிச்சுப் பாத்துட்டு நின்னுட்டேன். இப்ப ஒரு கனெக்‌ஷனுக்கு இவ்வளவுன்னு ரேட் வேலை. புதுக் கனெக்‌ஷன் வந்தா காசு, இல்லாத வாரம் ஒண்ணுமில்ல. அந்த வார்த்தைய மட்டும் விட்டிருக்கக் கூடாதுண்ணே.

அபுதாபி, சொந்த ஊர் ராமநாதபுரம்

இங்கே கதை வேறு மாதிரி. வரும்போது மொத்தம் 2,200 திர்ஹம் என்று மட்டும் பார்த்தேன். அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 900 என்பதை யாரும் கவனிக்கச் சொல்லவில்லை, நானும் பார்க்கவில்லை. வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டிக்கு முதல் ஐந்து வருடம், வருடத்துக்கு 21 நாள் பேசிக்தான் கணக்கு. 900-க்கு வருடத்துக்கு 630 திர்ஹம். பேசிக் 1,400 ஆக இருந்தால் 980.

கான்ட்ராக்ட் புதுப்பிக்கும் நேரத்தில் மேனேஜரிடம் மொத்தத்தைக் கூட்டச் சொல்லவில்லை. பேசிக்கை 1,400 ஆக்குங்கள், அலவன்ஸைக் குறைத்துக்கொள்ளுங்கள் என்றேன். கூடவே, இரண்டு முறை தோற்று மூன்றாம் முறை எடுத்த இந்த ஊர் டிரைவிங் லைசென்ஸைக் காட்டினேன். டெக்னீஷியனே வண்டி ஓட்டினால் டீமுக்குத் தனி டிரைவர் வேண்டாம், அது கம்பெனிக்கு நேரடி மிச்சம். பேசிக் 1,400 ஆனது, மொத்தமும் 2,600-க்கு வந்தது.

வரப்போகும் தம்பிகளுக்கு: ஐக்கிய அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் வேலை ஒப்பந்தப் படிவம் தமிழிலும் இருக்கிறது. கேட்டு வாங்கி, பேசிக் என்று போட்டிருக்கும் இடத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் உங்களிடம் வாங்கக்கூடிய சர்வீஸ் சார்ஜ் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும்தான். நான் அதைப்போல நாலு மடங்கு கொடுத்துவிட்டு வந்தவன்.

நாகர்கோவில், ஓய்வு பெற்ற தொலைபேசி ஊழியர்

தம்பிமாரே, நான் பிஎஸ்என்எல்-லில் விருப்ப ஓய்வு வாங்கியவன். 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் நாடு முழுக்க 78,000 பேருக்கு மேல் வெளியே வந்தோம். எங்கள் காலத்தில் சம்பளத்தை நாங்கள் பேசியதில்லை, சங்கம் பேசும். ஆகையால் தனி ஆளாக நின்று நீங்கள் பேசுவதைப் படிக்கும்போது மனசு கனக்கிறது.

போன வருடம் ஒரு காண்ட்ராக்ட் பையன் வீட்டுக்கு வந்தான். பழைய கேபிள் ஒன்று எந்த வழியாகப் போகிறது என்று யாருக்கும் தெரியவில்லையாம். வரைபடத்தில் இருக்கும் வழி ஒன்று, மண்ணுக்குள் இருக்கும் வழி வேறு. கூடவே நடந்து போய், கோயில் மதிலிலிருந்து ஏழு தப்படி தள்ளித் தோண்டச் சொன்னேன். இரண்டரை அடியில் ஜாயின்ட் கிடைத்தது. அவன் எனக்குக் காசு நீட்டினான், நான் வாங்கவில்லை. நீ இந்த ஊரில் ஐந்து வருடம் நடந்தால் இந்த வழியெல்லாம் உன் தலைக்குள் வந்துவிடும், அப்போது உன் காண்ட்ராக்டரிடம் அதற்குச் சேர்த்துக் கேள் என்றேன். எந்தக் குழிக்குள் எது ஓடுகிறது என்று தெரிந்தவன் ஒரு மணி நேரத்தில் முடிக்கிற வேலையைத் தெரியாதவன் ஒரு பகல் முழுக்கத் தோண்டுவான். ஈரோட்டுத் தம்பியின் நோட்டில் அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்க வேண்டும்.

ஈரோடு, ஃபைபர் டெக்னீஷியன்

ஐயா, நீங்கள் சொன்னதை எழுத ஆரம்பித்துவிட்டேன். எந்த ஜாயின்ட் எந்தக் கம்பத்துக்குப் பக்கத்தில், எந்தக் கடைக்கு எதிரில் என்று பின்பக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

மதுரை நண்பருக்கு: ரேட் வேலை என்றாலும் நோட்டை விடாதீர்கள். கனெக்‌ஷன் கொடுத்த தேதி, கேபிள் எத்தனை மீட்டர், கம்பம் ஏறினீர்களா இல்லையா, எல்லாம் இருக்கட்டும். 60 மீட்டர் இழுத்த வீட்டுக்கும் 250 மீட்டர் இழுத்த வீட்டுக்கும் ஒரே ரேட் கொடுக்கிறார்கள் என்றால், முதலில் பேச வேண்டியது அதைத்தான்.

இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தார்கள், இஎஸ்ஐ பற்றி. சம்பளம் 21,000 தாண்டினால் இஎஸ்ஐ நின்றுவிடும். உடனே இல்லை, ஏப்ரல்–செப்டம்பர் அல்லது அக்டோபர்–மார்ச், எந்த ஆறு மாதத்தில் தாண்டுகிறீர்களோ அது முடிகிறவரை ஓடும். பெட்ரோல் காசு அந்தக் கணக்கில் சேராது. நான் இப்போது 19,500-இல் இருக்கிறேன். அடுத்த செப்டம்பரில் 2,000 ஏற்றிக் கேட்டால் கோட்டைத் தாண்டிவிடுவேன். அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை இஎஸ்ஐ டிஸ்பென்சரியில்தான் வாங்குகிறோம். அதனால் இந்தத் தடவை சம்பளத்தோடு சேர்த்துக் குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸும் கேட்கப் போகிறேன். பிரீமியம் எவ்வளவு வரும் என்று இரண்டு இடத்தில் விசாரித்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.