பாம்பன் வீட்டுக் குழுவில் ஒரு சுனாமி

மண்டபம் அத்தை: (வீடியோ: தண்ணீர் வற்றிய கரையில் படகு. பலமுறை ஃபார்வர்டு செய்யப்பட்டது)
பாம்பனில் கடல் உள்வாங்கியது!! சுனாமி வருகிறது!! உடனே எல்லாருக்கும் பகிரவும்!!

மண்டபம் அத்தை: அண்ணே, கரையில் நிற்காதீர்கள். பிள்ளைகளை வீட்டுக்குள் கூப்பிடுங்கள்.

தங்கச்சிமடம் அத்தை: இங்கே சிக்னல் இல்லை, வீடியோ திறக்கவே மாட்டேன் என்கிறது. சுனாமியா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கள்.

அன்பு: உண்மைதான் சித்தி. என் காலேஜ் குரூப்பிலும் வந்தது. கீழே நியூஸ் சேனல் லோகோ இருக்கிறது, 2 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள்.

பெரியப்பா: நான் கரையில்தான் நிற்கிறேன். காலையில் மீன்துறையில் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்து விசைப்படகெல்லாம் போய்விட்டது. கச்சான் காற்று, அதாவது தென்மேற்குக் காற்று, அழுத்தினால் வடகடல் பக்கம் தண்ணீர் வத்தும், நாட்டுப்படகு தரை தட்டும். அங்கே ஆழமே கிடையாதே. இன்றைக்கு அதுகூட இல்லை.

கயல்: அத்தை, வீடியோவில் படகை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் பாருங்கள். ரயில் போகிறது. எந்தப் பாலத்தில்?

மண்டபம் அத்தை: நம்ம பாலம்தான்.

கயல்: பழைய பாலம். அதில் 2022 டிசம்பரிலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தூக்குப் பாலத்தின் உயரமான கோபுரங்கள் எங்கே?

பெரியப்பா: அட ஆமாம்! தினமும் பார்க்கிற பாலம், எனக்குத் தோன்றவில்லை பார்.

அன்பு: சரி, லோகோ?

கயல்: லோகோவை யார் வேண்டுமானாலும் ஒட்டலாம் அன்பு. அந்தச் சேனல் பக்கத்துக்கே போய்த் தேடினேன், இப்படி ஒரு செய்தியே இல்லை. வீடியோவை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூகுள் லென்ஸில் போட்டால் பல வருஷத்துக்கு முந்தைய யூடியூப் வீடியோ வருகிறது. மேலே எழுத்து மட்டும் புதிது.

அன்பு: நான் மூன்று தடவை உற்றுப் பார்த்தும் தெரியவில்லையே.

கயல்: உற்றுப் பார்ப்பதில்தான் சிக்கலே. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வரலாற்றில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் 10 பேர், தகவல் சரிபார்ப்பவர்கள் 10 பேர், அங்கேயே படிக்கும் மாணவர்கள் 25 பேர். எல்லாரிடமும் சில இணையதளங்களைக் காட்டி, எதை நம்பலாம் என்று கேட்டார்கள். மாணவர்கள் மட்டுமில்லை, முனைவர்களிலும் பலர் லோகோ, பெயர் எல்லாம் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நிற்கவே இல்லை. வேறு டேப் திறந்து, இதை நடத்துவது யார், மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்கள்.

அன்பு: முனைவர்களுமா! அப்போது எனக்குப் பரவாயில்லை 😅

பெரியப்பா: ஆனால் ஒன்று கயல். 2004இல் பல ஊரில் கடல் உள்ளே போன பிறகுதான் அலை வந்தது. வீடியோ பொய் என்று சிரித்துக்கொண்டு கரையில் நிற்கிற ஆளாகவும் ஆகிவிடக் கூடாது.

கயல்: ஆமாம் பெரியப்பா. கண்ணெதிரே கடல் திடீரென்று உள்ளே போனாலோ, தரை ஆடினாலோ முதலில் மேட்டுக்கு ஓட வேண்டும், போனை அப்புறம் பார்க்கலாம். வீடியோவில் மட்டும் பார்த்தால் ஹைதராபாத்தில் இருக்கிற கடல் தகவல் மையம் இன்காய்ஸின் (INCOIS) தளத்தைத் திறங்கள். நாட்டுக்கே சுனாமி எச்சரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. கடலடியில் பெரிய நிலநடுக்கம் வந்தால் சில நிமிடங்களில் அறிவிப்பு போட்டுவிடுவார்கள். இப்போது பார்த்தேன், ஒன்றும் இல்லை.

தங்கச்சிமடம் அத்தை: அப்போது இல்லை. இதைச் சொல்ல இவ்வளவு நேரமா? உலையில் அரிசி போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மண்டபம் அத்தை: கயலு, மகளிர் குழுவுக்கும் அனுப்பிவிட்டேனே. அழித்துவிடவா?

கயல்: அழித்தால் ஏற்கெனவே பார்த்தவர்களுக்கு அது பொய் என்று தெரியாது அத்தை. அந்த வீடியோவுக்கே ரிப்ளை கொடுத்து, "இது பழைய வீடியோ, பின்னால் பழைய பாலத்தில் ரயில் போகிறது பாருங்கள்" என்று போடுங்கள். அப்புறம் அழிக்கலாம்.

மண்டபம் அத்தை: போட்டேன். ஆறு பேர் அதற்குள் அடுத்த குரூப்புக்கு அனுப்பிவிட்டார்களாம்.

பெரியப்பா: நம்ம வீட்டுக்கும் ஒரு ஆள் போன் செய்துவிட்டார், துபாயில் இருந்து.