சென்சார் ஆனில் இருந்தும் ட்ரோன் கம்பியில் மோதிவிட்டது, ஏன்? அவசர உதவி

வயல்வெளி_ஸ்டூடியோ:
வணக்கம் நண்பர்களே. நேற்று சோழவந்தான் பக்கம் ஒரு கப்பிள் ஷூட். ட்ரோன் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று பம்புசெட்டுக்குப் போகும் கரண்டு கம்பியில் மோதி வயலில் விழுந்துவிட்டது. எதிரே தடை வந்தால் ட்ரோனை நிறுத்தும் அப்ஸ்டக்கிள் சென்சார் ஆனில்தான் இருந்தது. வாங்கிய புதிதில் மாடியில் சுவருக்கு நேராக ஓட்டிப் பார்த்தேன், ஒழுங்காக நின்றது. கம்பிக்கு மட்டும் ஏன் நிற்கவில்லை? செட்டிங்கில் ஏதாவது மாற்ற வேண்டுமா? ஞாயிற்றுக்கிழமை இன்னொரு ஷூட் இருக்கிறது, தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

மேலூர்_லென்ஸ்:
எந்த மாடல் ப்ரோ? எந்த மோடில் பறந்தது? ஸ்டிக் உங்கள் கையில் இருந்ததா, இல்லை ஆளைத் தானாகத் தொடரும் ஃபாலோ போட்டிருந்தீர்களா? மணி என்ன? இதெல்லாம் தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

பருந்துப்பார்வை:
கரண்டு கம்பி என்றால் சந்தேகமே வேண்டாம், ட்ரோனுக்குத் திசை காட்டும் காம்பஸ்தான். கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் இருக்கும். கிட்டே போனதும் ட்ரோன் திசை தெரியாமல் இழுத்துக்கொண்டு போய் மோதியிருக்கும். காம்பஸை மறுபடி சரிப்படுத்தும் காலிப்ரேஷன் செய்யுங்கள், சரியாகிவிடும்.

திருமங்கலம்_ரிப்பேர்:
என் கணிப்பு வேறு. அப்டேட் போட்ட பிறகு சென்சார் காலிப்ரேஷன் விலகிப்போன கேஸ் என் கடைக்கு வருகிறது. சென்சார் கண்ணாடியில் விரல் ரேகையோ தூசியோ இருந்தாலும் இப்படித்தான் ஆகும். கடைசியாக எப்போது துடைத்தீர்கள்? அப்டேட் எப்போது போட்டீர்கள்?

ஆகாய_மார்க்கம்:
மாதம் தவறாமல் இங்கே வரும் கேள்வி இது. மெல்லிய கம்பி, இலையில்லாத கிளை, கண்ணாடி, தண்ணீர் இவற்றை சென்சார் நம்பகமாக உணராது என்று மேனுவலிலேயே எழுதியிருக்கிறான். பெட்டியைப் பிரித்ததும் மேனுவலை ஓரமாகப் போட்டுவிட்டு நேரே கல்யாண வீட்டுக்குப் போனால் இதுதான் நடக்கும். முதலில் படித்துவிட்டு வாருங்கள், அப்புறம் பேசலாம்.

மேலூர்_லென்ஸ்:
அண்ணே, படிக்கச் சொல்வது சரிதான். அதைக் கொஞ்சம் தன்மையாகச் சொல்லலாமே. பாவம், பொருளைப் போட்டு உடைத்துக்கொண்டு வந்து நிற்கிறார்.

கண்மாய்க்கரை:
கம்பி ஏன் தெரிவதில்லை என்று யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பெரும்பாலான ட்ரோன்களில் முன்பக்கம் இரண்டு சின்னக் கேமராக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரே பொருள் இரண்டு படத்திலும் எவ்வளவு தள்ளித் தெரிகிறது என்பதை வைத்துத்தான் தூரத்தைக் கணக்கிடுகிறது. இதை நீங்களே சோதிக்கலாம். விரலை முகத்துக்கு நேராகச் செங்குத்தாகப் பிடித்து ஒரு கண்ணை மூடி, அப்புறம் மற்றக் கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறும். இப்போது தெருவில் குறுக்கே போகும் கரண்டு கம்பியைப் பார்த்து அதே மாதிரி செய்யுங்கள். கம்பி தன் நீளவாக்கிலேயே நகருகிறது, அதனால் நகர்ந்த மாதிரியே தெரியாது. கம்பியின் எந்தப் புள்ளி எந்தப் புள்ளியோடு பொருந்துகிறது என்று பிடிக்க அதில் ஓர் அடையாளமும் கிடையாது. ட்ரோனுக்கும் இதே சிக்கல்தான். கம்பம் செங்குத்தாக நிற்பதால் தெரிந்துவிடும். கம்பத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருப்பது தெரியாது.

இது போக, கம்பி விரல் தடிமன்கூட இருக்காது. பத்து மீட்டர் தள்ளியிருந்தால் அந்தச் சின்னக் கேமராவின் படத்தில் ஒரு புள்ளி அகலம்கூடத் தேறுமா என்பது சந்தேகம். பின்னால் வெளுத்த வானம் இருந்தால் அதுவும் கரைந்துவிடும். சுவர் அப்படியில்லை, பெரியது, காரை பெயர்ந்து புள்ளியும் கோடுமாக இருக்கும். அதனால் மாடியில் சுவருக்கு முன் நின்றதை வைத்து வயலில் கம்பிக்கும் நிற்கும் என்று எடுத்துக்கொள்ளவே கூடாது. அந்தச் சோதனை சுவருக்கு மட்டும்தான் செல்லும்.

வெளிச்சமும் முக்கியம். நாகமலைக்குப் பின்னால் சூரியன் இறங்குகிற நேரத்தில்தான் எல்லோரும் கப்பிள் ஷூட் வைக்கிறார்கள். சூரியன் நேராகக் கேமராவில் அடித்தாலும் கணக்கு தப்பும், இருட்டினாலும் தப்பும். இருட்டாகிவிட்டால் ரிமோட்டில் ஓர் எச்சரிக்கை வந்துவிட்டு சென்சார் ஒதுங்கிக்கொள்ளும். பறக்கிற மும்முரத்தில் அந்த எச்சரிக்கையை யார் பார்க்கிறார்கள்?

@பருந்துப்பார்வை, காம்பஸ் குழம்பினால் ட்ரோன் வட்டமடித்து அலையும், திரையிலும் எச்சரிக்கை வரும். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.

பருந்துப்பார்வை:
உயரழுத்தக் கம்பி பக்கத்தில் என் ட்ரோன் ஆட்டம் போட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். காம்பஸை அவ்வளவு சுலபமாக ஒதுக்காதீர்கள்.

வாடிப்பட்டி_தோப்பு:
அதை விடுங்கள். கம்பி அறுந்ததா? இறக்கைத் துண்டோ வேறு எதுவுமோ கம்பியில் மாட்டிக்கொண்டு இருக்கிறதா? இருந்தால் துறட்டியை வைத்து எடுக்கப் போகாதீர்கள். காய்ந்த மூங்கிலாக இருந்தாலும் வேண்டாம். மின்வாரியத்தின் மின்னகம் 94987 94987-க்குப் போன் போடுங்கள், லைன்மேன் வந்து சப்ளையை நிறுத்திவிட்டு எடுப்பார். கம்பி தொய்ந்து வயல் தண்ணீரில் கிடந்தால் மாடுகூட அந்தப் பக்கம் போகக் கூடாது. தோட்டக்காரருக்கும் உடனே சொல்லிவிடுங்கள்.

ஆகாய_மார்க்கம்:
அதைவிடப் பெரிய கேள்வி, கல்யாண ஷூட்டுக்குப் பறக்க இவரிடம் பைலட் சான்றிதழ் இருக்கிறதா? காசு வாங்கிக்கொண்டு பறந்தால் அது வணிகம்.

மேலூர்_லென்ஸ்:
250 கிராமுக்குள் இருந்தால் தேவையில்லை அண்ணே. 2021 ட்ரோன் விதிகளில் நானோ வகைக்குப் பைலட் சான்றிதழ் கேட்கவில்லை, வணிகமாக இருந்தாலும். மைக்ரோ வகையில்தான் வணிகமா இல்லையா என்று பிரிக்கிறார்கள்.

ஆகாய_மார்க்கம்:
பெரிய பேட்டரி போட்டால்? லென்ஸில் ஃபில்டர், இறக்கைக்குக் காப்பு வளையம் என்று மாட்டினால்? 249 கிராம் என்று பெட்டியில் போட்டிருப்பது சாதாரண பேட்டரியோடு மட்டும் உள்ள எடை. தராசில் வைத்துப் பாருங்கள், 250-ஐத் தாண்டிய நொடியே அது மைக்ரோ.

மேலூர்_லென்ஸ்:
அது நியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர் கேட்டது அது இல்லையே.

திருமங்கலம்_ரிப்பேர்:
விமான நிலையப் பக்கம் என்றால் எடை பேச்சே கிடையாது, அது தனிக் கதை.

மேலூர்_லென்ஸ்:
சோழவந்தான் எங்கே, விமான நிலையம் இருக்கும் அவனியாபுரம் எங்கே? சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டர் வரைதான் அந்தக் கட்டுப்பாடு. தயவுசெய்து கேள்விக்கு வாருங்கள்.

வயல்வெளி_ஸ்டூடியோ:
எல்லோருக்கும் நன்றி. கம்பி அறுந்துவிடவில்லை, எதுவும் தொங்கவும் இல்லை. முன், பின், கீழ் மூன்று பக்கமும் சென்சார் உள்ள மாடல். சென்சார் வேலை செய்யாத வேக மோடான ஸ்போர்ட் மோட் இல்லை. ஜோடி வரப்பில் நடந்து வந்தார்கள், ஃபாலோ போட்டிருந்தேன். மணி ஆறு, ஆறேகால் இருக்கும்.

கண்மாய்க்கரை:
வரப்பில் நடப்பவர்களுக்கு ட்ரோன் எந்தப் பக்கம் இருந்தது? முன்னாலா, பக்கவாட்டிலா?

வயல்வெளி_ஸ்டூடியோ:
பக்கவாட்டில். அவர்களோடு கூடவே நகர்ந்து வந்தது.

கண்மாய்க்கரை:
அப்படியானால் அது பறந்த திசையில் சென்சாரே கிடையாது தம்பி. கேமரா ஜோடியைப் பார்க்கிறது, ட்ரோன் இடது பக்கமாகவோ வலது பக்கமாகவோ போகிறது, அந்த இரண்டு பக்கமும் உங்கள் மாடலில் சென்சார் இல்லை. அங்கே கம்பிக்குப் பதில் பனைமரம் இருந்திருந்தாலும் மோதித்தான் இருக்கும். எல்லாப் பக்கமும் பார்க்கும் மாடல்கள் இருக்கின்றன. முன்பக்கம் லைடார் (லேசர் ஒளியால் தூரம் அளப்பது) வைத்த மாடலும் 2024-இல் வந்துவிட்டது, இருட்டில் அது உதவும். ஆனால் கம்பியை நம்பகமாகப் பிடிக்கும் என்று அதையும் நான் நம்பிப் பறக்க மாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு நான் சொல்வது இதுதான். ட்ரோனை வெளியே எடுக்கும் முன் இடத்தை நடந்து பாருங்கள். கம்பியைத் தேடாதீர்கள், நம் கண்ணுக்கே அது தப்பிவிடும். கம்பத்தைத் தேடுங்கள். ஒரு கம்பம் தெரிந்தால் அடுத்த கம்பம் எங்கே என்று பாருங்கள், நடுவில் கம்பி இருக்கிறது. பம்புசெட் ரூம் தெரிந்தால் அதற்கு எந்தப் பக்கமிருந்தோ ஒரு லைன் வந்தாகத்தான் வேண்டும். முனைக் கம்பத்தை இழுத்துப் பிடிக்கச் சரிவாக இறங்கும் ஸ்டே கம்பியை மறந்துவிடாதீர்கள். கம்பிக்கு இணையாக மட்டும் ஓட்டுங்கள், குறுக்கே கடக்க வேண்டியிருந்தால் ஃபாலோவை எடுத்துவிட்டுக் கையால் மேலே ஏற்றிக் கடத்துங்கள். உங்கள் கண் திரையில் இருக்கும், அதனால் பக்கத்தில் ஒரு பையனை நிறுத்தி ட்ரோனையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லுங்கள்.

வாடிப்பட்டி_தோப்பு:
எங்கள் பக்கத்துக்கு இன்னொன்று. தென்னந்தோப்புக்குள் நின்று பறக்கவிட்டு சிக்னல் போனால் ட்ரோன் தானாகத் திரும்பி வரும்போது முதலில் நேரே மேலே ஏறும். மேல்பக்கம் சென்சார் இல்லாவிட்டால் மட்டைக்குள் போய்ச் சொருகிவிடும். வெட்டவெளியில் இருந்து ஏற்றுங்கள், திரும்பும் உயரத்தைத் தென்னைக்கு மேலே வையுங்கள். நடவு வயலில் தண்ணீர் நின்றால் அதற்கு மேல் ரொம்பத் தாழவும் பறக்காதீர்கள், வானம் அதில் பளபளக்கும், கீழ் சென்சார் தடுமாறும்.

திருமங்கலம்_ரிப்பேர்:
வயலில் விழுந்ததென்றால் பேட்டரி நனைந்ததா? நனைந்திருந்தால் காய்ந்துவிட்டது என்று சார்ஜில் போட்டுவிடாதீர்கள், தீப்பிடிக்கும். வீட்டுக்குள்ளும் வைக்காதீர்கள்.

ஆகாய_மார்க்கம்:
பக்கவாட்டில் சென்சார் இல்லை என்பதும் மேனுவலில் படம் போட்டே இருக்கிறது.

வயல்வெளி_ஸ்டூடியோ:
பதிவை ஓட்டிப் பார்த்தேன், பக்கவாட்டில்தான் போய் இடித்திருக்கிறது. பேட்டரி நனைந்திருக்கிறது, வெளியே எடுத்து வைத்துவிட்டேன். ட்ரோனின் ஒரு கை உடைந்திருக்கிறது, கேமராவை ஆடாமல் தாங்கும் ஜிம்பலும் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமைக்குள் தேறாது. மதுரையில் வாடகைக்கு யாரிடமாவது கிடைக்குமா?

மேலூர்_லென்ஸ்:
என்னிடம் ஒன்று சும்மா இருக்கிறது, அதிலும் பக்கவாட்டில் சென்சார் இல்லை. காலையா மாலையா, எந்த ஊர்? இன்பாக்ஸில் சொல்லுங்கள்.