ஞாயிறு தொட்டி கழுவினால் செவ்வாய்க்குள் மீன் சாகிறது, என்ன நோய்?

வேளச்சேரி_2அடி:
தொட்டி 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம். உள்ளே மாட்டும் பவர் ஃபில்டர் ஒன்று உண்டு, ஹீட்டர் இல்லை. கோல்ட் ஃபிஷ் நான்கு, கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் ஒன்று. ஞாயிறுதோறும் மீன்களைப் பக்கெட்டில் விட்டு, முழுத் தண்ணீரையும் இறைத்துவிட்டு, கல்லையும் ஃபில்டர் பஞ்சையும் குழாயடியில் அழுக்குப் போகக் கழுவி, லாரித் தண்ணீர் நிரப்புகிறேன். திங்களன்று மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடுகின்றன. செவ்வாய் ஒன்று மிதக்கும். கடையில் நீலச் சொட்டு மருந்து தந்தார்கள், பலனில்லை. தண்ணீரோ கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறது. இது என்ன நோய்?

பஞ்சு_ஃபில்டர்:
நோய் எதுவும் இல்லை சார். கழுவுவதுதான் கொல்கிறது.

மீன் செவுள் வழியாக ஓயாமல் அம்மோனியாவை வெளியே விடும். கழிவும் மிச்சத் தீனியும் அழுகினாலும் அதேதான் வரும். பஞ்சிலும் கல்லிலும் ஒட்டி வளரும் பாக்டீரியா ஒரு கூட்டம் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு கூட்டம் நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் 40 பிபிஎம் (லிட்டருக்கு 40 மி.கி.) தாண்டாமல் இருந்தால் பெரிதாகக் கெடுக்காது. இந்தப் பாக்டீரியா போதுமான அளவு வளர 4 முதல் 6 வாரம் ஆகும். நீங்கள் வாரத்துக்கு ஒரு தடவை குளோரின் தண்ணீரில் கழுவி அனுப்பிவிடுகிறீர்கள். அம்மோனியாவுக்கு நிறமே கிடையாது, அதனால் தெளிவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

நீல மருந்து அநேகமாக மெத்திலீன் புளூ. அது பாக்டீரியாவையும் சேர்த்தே அடிக்கும், நிறுத்துங்கள். சொட்டு விட்டுப் பார்க்கும் டெஸ்ட் கிட் வாங்கி அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஎச் (அமில, கார அளவு) நான்கையும் பார்த்துச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் புது மீன் வாங்காதீர்கள்.

கப்பி_காதலன்:
ப்ரோ, லாரித் தண்ணீரைப் பக்கெட்டில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் தானாகப் போய்விடும். இதற்கு மருந்தெல்லாம் தேவையில்லை.

ஹைப்போ:
வெறும் குளோரினாக இருந்தால் போகும், அதுவும் காற்றுக் குமிழி விடும் ஏர் ஸ்டோன் ஓடினால் சீக்கிரம். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்திருந்தால் ஒரு நாளில் போகாது. லாரியில் எவ்வளவு குளோரின் போட்டிருக்கிறார்கள் என்பதும் லோடுக்கு லோடு மாறும். அதனால் நம்பிக்கையான வழி சோடியம் தயோசல்ஃபேட். ஃபோட்டோ ஸ்டூடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்லும் அதே படிகம்தான். 10 கிராம் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து 100 மி.லி. ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள். 20 லிட்டர் பக்கெட்டுக்கு 3 மி.லி. விட்டுக் கலக்கினால் 2 பிபிஎம் வரை உள்ள குளோரின் ஓரிரு நிமிடத்தில் போய்விடும். மூக்கில் ஏறும் அளவு வாசனை இருந்தால் 6 மி.லி. சற்றுக் கூடினால் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

ஒரு விஷயம்: குளோரமைனை ஹைப்போ உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும். பாக்டீரியா உள்ள தொட்டி அதைச் சமாளிக்கும், கழுவிய தொட்டி சமாளிக்காது.

ஆர்.ஓ. தண்ணீர் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் உப்புச் சத்து கிட்டத்தட்ட இல்லாததால் பிஎச் சில நாளில் சரியும்.

வேளச்சேரி_2அடி:
கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா 2 பிபிஎம், நைட்ரைட் 0, நைட்ரேட் 0, பிஎச் 8.2. தண்ணீர் 29 டிகிரி. நைட்ரைட் பூஜ்யம் நல்லதுதானே?

பஞ்சு_ஃபில்டர்:
இங்கே நல்லதில்லை. அம்மோனியா இருந்தும் மற்ற இரண்டும் பூஜ்யம் என்றால் முதல் கூட்டம் இன்னும் குடியேறவே இல்லை என்று அர்த்தம்.

உங்கள் பிஎச்தான் இதை மோசமாக்குகிறது. கிட் காட்டுவது மொத்த அம்மோனியா. அதில் செவுளைத் தாக்கும் பகுதி, 29 டிகிரியில் பிஎச் 7 என்றால் நூற்றில் ஒன்றுக்கும் குறைவு, 8.2 என்றால் நூற்றில் பத்து. அதே 2 பிபிஎம் ஒரு வீட்டில் மீனை விட்டுவைக்கும், உங்கள் வீட்டில் கொல்லும். பிஎச் குறைக்கும் திரவம் ஊற்றாதீர்கள், ஏறி இறங்கும் பிஎச் இன்னொரு தொல்லை.

செய்ய வேண்டியது: கல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் உங்கள் தொட்டியில் நிற்பது சுமார் 45 லிட்டர். தினமும் 20 லிட்டரை டியூப் வைத்து அடியிலிருந்து உறிஞ்சி எடுத்து, ஹைப்போ கலந்த, ஏறக்குறைய அதே சூடுள்ள தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். மீனை வெளியே எடுக்கவே வேண்டாம். அம்மோனியா 0.5-க்குக் கீழே வரும் வரை இப்படி, அதன்பின் கிட் சொல்வதைப் பார்த்து. தீனி ஒரு நாள் விட்டு ஒரு நாள், இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு. கோல்ட் ஃபிஷ் பட்டினியால் சாகாது.

ஓரிரு வாரத்தில் நைட்ரைட் ஏறும். அப்போது அயோடின் சேராத கல்லுப்பு லிட்டருக்கு 1 கிராம், அதாவது 45 கிராம், கரைத்து ஊற்றுங்கள். உப்பிலுள்ள குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட் ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். பிறகு 20 லிட்டர் மாற்றும்போது 20 கிராம் மட்டும். நைட்ரைட் பூஜ்யமானதும் உப்பை நிறுத்திவிடலாம்.

இந்த ஒரு மாதத்தைச் சுருக்க நம்பிக்கையான வழி, நோயில்லாத பழைய தொட்டியில் ஓடிய பஞ்சு. தெரிந்தவர் யாரிடமாவது கேட்டு, ஈரம் காயாமல் கொண்டுவந்து உங்கள் தொட்டிக்குள் போடுங்கள். பாட்டில் பாக்டீரியாவில் சிலது வேலை செய்யும், சிலது வெறும் தண்ணீர்.

பஞ்சை இனி, தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் மட்டும் அலசுங்கள். மாதம் ஒரு முறை, பழுப்பு நிறம் முழுதாகப் போகத் தேய்க்காமல், இரண்டு பிழி போதும்.

கப்பி_காதலன்:
ஹைப்போ சொன்னதை ஏற்கிறேன். ஆனால் தண்ணீர் சரியானாலும் நான்கு கோல்ட் ஃபிஷுக்கு 45 லிட்டர் பத்தாது. ஒவ்வொன்றும் 15–20 செ.மீ. வளரும், கழிவும் அதிகம். 29 டிகிரி தண்ணீரில் ஆக்சிஜன் வேறு குறைவாகவே கரையும். சக்கர் ஒரு அடி தாண்டும், கழிவைத் தின்னாது, அதுவே கழிவு போடும். கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேளுங்கள். தயவுசெய்து ஏரியில் விடாதீர்கள், ஏற்கெனவே நம் நீர்நிலைகளில் பெருகிக் கிடக்கிறது.

பிஎச் 8.2 தண்ணீர் கப்பி, பிளாட்டி மாதிரிச் சிறு மீன்களுக்கு அருமை. ஆண் கப்பி மட்டும் எட்டு வாங்கினால் குட்டிப் பெருக்கமும் இல்லை. கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குப் போய் வாங்கினால் ஒரே தொட்டியில் எல்லாம் சுறுசுறுப்பாக இருக்கிறதா, துடுப்பை ஒடுக்கி எதுவும் மூலையில் நிற்கிறதா என்று பாருங்கள். ஒன்று நின்றாலும் அந்தத் தொட்டியில் வாங்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் கவரைக் கட்டவிழ்க்காமல் 20 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு வலையில் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். கவர் தண்ணீர் சாக்கடைக்கு.

வேளச்சேரி_2அடி:
நன்றி. கோல்ட் ஃபிஷுக்கு ஆள் பார்த்துவிட்டேன். கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்?

ஹைப்போ:
மீன் கூட்டம் குறைவாக இருந்தால் சில மணி நேரம் தாங்கும். முதலில் கெடுவது பவர் ஃபில்டர்தான். மூடிய டப்பாவுக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் பாக்டீரியா ஆக்சிஜன் இல்லாமல் சாகும். கரண்ட் வந்ததும் அந்த அழுகலை அப்படியே தொட்டிக்குள் தள்ளும். மூன்று, நான்கு மணி நேரம் நின்றிருந்தால் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஆன் செய்யுங்கள்.

உங்கள் அளவுக்கு ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டரே மேல். பேட்டரி பம்ப் ஒன்று கையில் இருந்தால் அதே டியூபை மாற்றிச் சொருகலாம். பம்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வையுங்கள், அல்லது டியூபில் நான்-ரிட்டர்ன் வால்வ் போடுங்கள். இல்லையென்றால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பின்னால் ஏறி பம்புக்குள் போய்விடும்.