ஆடாசிட்டியில் கிடார் ரீஆம்ப்: ரீப்பருக்கு மாறினால் தீருமா?

அரசலாறு (கும்பகோணம்):
எலெக்ட்ரிக் கிடாரை ஆம்ப் இல்லாமல் டிஐயாக (கிடாரின் நேரடி சிக்னலாக) பதிந்து வைத்திருக்கிறேன். அதை 15 வாட் ஆம்ப்புக்கு அனுப்பி மைக் வைத்துப் பிடிக்க வேண்டும், அதாவது ரீஆம்ப். லேப்டாப் ஹெட்போன் துளையிலிருந்து ஆம்ப்புக்கு வயர், யுஎஸ்பி மைக்கில் பதிவு, மென்பொருள் ஆடாசிட்டி. பாட்டு மொத்தமும் ஆம்ப்பில் கேட்கிறது. பதிந்தது பின்தங்குகிறது, நாலாவது நிமிடத்தில் இன்னும் விலகுகிறது. போதாக்குறைக்கு ஒரே உறுமல். ரீப்பருக்கு மாறினால் தீருமா?

குடமுருட்டி (தஞ்சாவூர்):
பாதிகூடத் தீராது. ஆடாசிட்டியில் எல்லா டிராக்கும் கலந்து ஒரே ஸ்டீரியோ ஜோடியாகத்தான் வெளியே வரும். இந்த டிராக் மட்டும் 3ஆம் அவுட்புட்டுக்குப் போகட்டும் என்று சொல்ல அதில் இடமில்லை. கேரேஜ்பேண்டிலும் இதே கதை. ரீப்பரில் டிராக்கின் ரூட் பொத்தானை அழுத்தி, மாஸ்டர் சென்டை (பொதுக் கலவைக்குப் போகிற வழியை) எடுத்துவிட்டு, ஹார்ட்வேர் அவுட்புட்டில் 3ஐச் சேர்த்தால் முடிந்தது. ஆனால் ரீஆம்பில் யாரும் வாசிக்கப்போவதில்லையே, மற்ற டிராக் எதற்கு? டிஐ தவிர எல்லாவற்றையும் மியூட் செய்து, ஓவர்டப்பை (பழைய டிராக் ஓடும்போதே புதியதைப் பதிவதை) ஆன் செய்து ஓட்டுங்கள்.

பின்தங்குவது வேறு, விலகுவது வேறு. பின்தங்கல் மாறாத அளவு. ஆடாசிட்டி தானாகவே −130 மில்லிசெகண்ட் நகர்த்திவிடும், அது உங்கள் கருவிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. டிஐ டிராக்கில் வாசிப்புக்கு 2 செகண்ட் முன்னால் ஒரு 'டிக்' வையுங்கள். ஆம்ப் வழியாகப் பதிந்த டிக்கைப் பெரிதாக்கிப் பார்த்து, மூல டிக்கோடு ஒட்டும்வரை டிராக்கை இழுங்கள். மைக் தள்ளியிருப்பதும் (34 செ.மீ.க்கு ஒரு மில்லிசெகண்ட்) இதிலேயே கழிந்துவிடும்.

விலகலுக்குக் காரணம் இரண்டு கடிகாரங்கள். லேப்டாப் ஒன்றை வைத்து ஓட்டுகிறது, யுஎஸ்பி மைக் இன்னொன்றை வைத்துப் பதிகிறது. பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தாலே 4 நிமிடத்தில் 12 மில்லிசெகண்ட் ஓடிவிடும். ஒரே இன்டர்ஃபேஸில் (கணினிக்கு ஒலியை வாங்கித் தருகிற, வெளியே அனுப்புகிற பெட்டியில்) அனுப்பி, அதிலேயே சாதாரண மைக்கைச் செருகிப் பதிந்தால்தான் இது போகும்.

வெட்டாறு (திருவாரூர்):
உறுமலுக்கு மென்பொருள் என்ன செய்யும்? ஆம்ப் எதிர்பார்ப்பது பிக்கப்பின் மெலிந்த, அதிக இம்பீடன்ஸ் (மின் எதிர்ப்பு) சிக்னல். லைன் அவுட் அதற்கு நேர் எதிர். நடுவில் ரீஆம்ப் பாக்ஸ் வேண்டும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் எர்த் லூப்பையும் (இரண்டு கருவிகளின் எர்த் வளையமாக இணைந்து உறுமுவதை) அறுக்கும்.

சவுண்ட் சர்வீஸ்காரரிடம் பாசிவ் (கரண்ட் தேவைப்படாத) டிஐ பாக்ஸ், அதாவது கிடாரை மிக்சரில் சேர்க்கிற பெட்டி, கிடைத்தால் திருப்பிப் போடலாம்: எக்ஸ்எல்ஆர் பக்கம் இன்டர்ஃபேஸ், கிடார் பக்கம் ஆம்ப். ஆக்டிவ் டிஐ ஆகாது. சிக்னலைச் சுமார் 12இல் ஒரு பங்காகக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர், திருப்பினால் அதே 12 மடங்கு ஏற்றும். அதனால் அவுட்புட் குமிழை அடியில் வைத்துத் தொடங்குங்கள். கிடாரை நேரே ஆம்ப்பில் செருகினால் எவ்வளவு கரகரப்பு வருகிறதோ, டிஐ ஓடும்போதும் அவ்வளவே வரும்வரை ஏற்றுங்கள்.

கரண்ட் போய் ஸ்கொயர்வேவ் இன்வர்ட்டரில் ஓட்டினால் எந்தப் பாக்ஸும் காப்பாற்றாது. பக்கத்து வயலில் பம்புசெட் ஓடாத நேரமாகவும் பாருங்கள். சார்ஜரைக் கழற்றி லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டினாலே பாதி உறுமல் அடங்கலாம். அடங்காவிட்டால் பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்சை (சிக்னல் வயரின் எர்த் இணைப்பைத் துண்டிப்பது) தட்டுங்கள். ஆம்ப்பின் எர்த் பின்னில் மட்டும் கை வைக்காதீர்கள், உயிர் போகிற விஷயம்.

அரசலாறு:
நன்றி அண்ணா. இன்டர்ஃபேஸில் ரெண்டு அவுட் போதுமா, நாலு வேணுமா?

குடமுருட்டி:
ரெண்டு போதும் தம்பி. ஸ்கார்லெட் 2ஐ2 மாதிரி ஒன்றில் டைரக்ட் மானிட்டரை மறக்காமல் அணைத்துவிடு. இல்லையென்றால் மைக்கில் விழுவது திரும்ப ஆம்ப்புக்கே போய் ஊளையிடும். ஆடாசிட்டியின் சாஃப்ட்வேர் பிளேத்ரூவும் அதே வேலையைப் பார்க்கும், அதையும் அணை. நாலு அவுட் வாங்கினால் ரீப்பரோடு வாங்கு. ஆடாசிட்டியில் 3, 4 சும்மாதான் கிடக்கும்.